பல் பிடுங்கிய குழியில் வைத்த எலும்புப் பவுடர்: எப்படிக் கரைகிறது, எப்படிக் கவனிப்பது

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, குழியில் எலும்புப் பவுடர் வைத்துத் தையல் போட்டு அனுப்பியிருப்பார்கள். நாலைந்து மாதம் கழித்து வாருங்கள், இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருப்பார்கள். அந்த நாலைந்து மாதத்தில் உள்ளே வைத்த பொருளுக்கு என்ன ஆகிறது, அது எந்த வேகத்தில் போகிறது, போகவில்லை என்றால் என்ன அர்த்தம், சீக்கிரமே போய்விட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் இங்கே. இதில் பெரும்பகுதி, பவுடர் வைத்துக்கொண்டவர்களுக்காக. குழியை நிரப்பும் முறை பற்றிய பகுதி புதிதாகத் தொழிலுக்கு வந்த பல் மருத்துவர்களுக்கும் ஆகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். வைத்த பவுடர் எலும்பாக மாறுவதில்லை. அது இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. எலும்பு உங்கள் உடம்பிலிருந்து வருகிறது. கான்கிரீட் போட்ட வீட்டில் சென்ட்ரிங் பலகையை முன்னாலேயே பிரித்தால் தளம் இறங்கிவிடும் அல்லவா, அதே கணக்குதான். பொருள் கரைகிற வேகமும் எலும்பு வருகிற வேகமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். பல் குழியில் எலும்பு வரும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பொருள் கரையும் வேகமோ ஒரு மாதத்திலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் வரை போகும். ஆகவே எந்தப் பொருள் வைத்தார்கள் என்று தெரியாமல் இதைப் பற்றி யார் என்ன ஆலோசனை சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

ஸ்டிக்கரை வாங்கிக்கொள்ளுங்கள்

பவுடர் வரும் பாட்டிலிலோ பெட்டியிலோ கிழித்து ஒட்டுகிற மாதிரி ஸ்டிக்கர் இருக்கும். பொருளின் பெயர், துகள் அளவு, எடை அல்லது சிசி கணக்கு, லாட் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அதில் வந்துவிடும். ஒன்றை மருத்துவரின் கோப்பில் ஒட்டுவார்கள். இன்னொன்றை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாராபுரத்தில் பல் எடுத்து, கோயமுத்தூரில் ஸ்கேன் பார்த்து, ஈரோட்டில் இம்ப்ளான்ட் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். மூன்றாவது மருத்துவர் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, இது இருக்க வேண்டியதா, கரைந்திருக்க வேண்டியதா என்று தெரியாமல் நிற்பதற்குக் காரணம் இந்தச் சின்ன ஸ்டிக்கர் இல்லாததுதான்.

இன்னொரு விஷயத்தை வைப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்: இது எதிலிருந்து எடுத்தது? உலகம் முழுக்க அதிகம் பயன்படும் பவுடர்களில் ஒரு பெரும் பகுதி மாட்டு எலும்பிலிருந்து வருகிறது. மேலே மூடும் கொலாஜன் என்ற புரதத்தாலான படலம் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்ததாக இருக்கும். வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கைப் பொருள்கள் உண்டு. வைத்த பிறகு கேட்டால் எளிதில் எடுக்க முடியாது. சங்கடப்பட வேண்டியதில்லை, மருத்துவர்களுக்கு இது வழக்கமான கேள்வி.

உடம்பு அதை எப்படிக் கரைக்கிறது

நான்கு வழி. எந்தப் பொருளானாலும் இதில் ஒன்றோ இரண்டோ சேர்ந்துதான் வேலை செய்யும்.

ஒன்று, வெறும் கரைதல். திசு நீரில் உப்பு கரைகிற மாதிரி கால்சியமும் மற்ற அயனிகளும் பிரிந்து போகும். செல்கள் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. கால்சியம் சல்பேட் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. கரையும் திறனை வரிசைப்படுத்தினால் கால்சியம் சல்பேட் முதலில், அடுத்து பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் (சுருக்கமாக பீட்டா-டிசிபி), கடைசியில் ஹைட்ராக்சி அபடைட். இடத்தில் அமிலத்தன்மை கூடினால் பின்னால் சொன்ன இரண்டும் வேகம் எடுக்கும். சீழ் பிடித்த குழியில் பவுடர் சீக்கிரம் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு, எலும்பைத் தின்னும் செல். ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். பல உட்கருக்களைக் கொண்ட பெரிய செல். துகளின் மேல் வந்து உட்கார்ந்து, விளிம்பைச் சுற்றிலும் அழுத்தி ஒட்டிக்கொண்டு, அடியில் மூடிய சிறு அறை மாதிரி ஒன்றை உண்டாக்கும். அதற்குள் அமிலத்தைச் சுரக்கும், பிஹெச் 4.5 வாக்கில் இறங்கும். முதலில் தாதுப்பொருள் கரையும். அடியில் புரதம் இருந்தால் கதெப்சின்-கே என்ற நொதி அதை அறுக்கும். ஒரு பள்ளம் தோண்டிவிட்டு நகரும், அந்தப் பள்ளத்தில் எலும்பு கட்டும் செல்கள் வந்து புது எலும்பை வைக்கும். இயல்பான எலும்பும் இந்த முறையில்தான் சதா புதுப்பிக்கப்படுகிறது. ஓரிடத்தில் தோண்டி, நிரப்பி, முடிக்க சுமார் 4 மாதம் ஆகும். எலும்புத் தேய்மான மாத்திரைகள் இந்தச் செல்லைத்தான் முடக்குகின்றன. அந்த விஷயம் பின்னால் வரும்.

மூன்று, விழுங்கும் செல். மேக்ரோஃபேஜ்கள் மிக நுண்ணிய தூளை, ஏறத்தாழ 10 மைக்ரான் (மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு) வரை இருப்பதை, அப்படியே விழுங்கிவிடும். அதைவிடப் பெரியது என்றால் பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து சூழ்ந்துகொள்ளும். நல்ல பவுடர் ‘பவுடர்’ என்று சொல்லப்பட்டாலும் மாவாக இருக்கக் கூடாது என்பது இதனால்தான். 0.25 முதல் 1 மி.மீ. வரையிலான குருணைதான் பல் குழிக்கு ஏற்றது. சைனஸ் (மேல்தாடைக்கு மேலே இருக்கும் காற்றறை) மாதிரிப் பெரிய இடத்துக்கு 1 முதல் 2 மி.மீ.

நான்கு, நொதியும் நீரும் அறுப்பது. கொலாஜனை உடம்பின் கொலாஜனேஸ் நொதிகள் அறுக்கும். பிஎல்ஜிஏ மாதிரிச் செயற்கைப் படலங்கள் நீர் பட்டுச் சிறு துண்டாகி, லாக்டிக் அமிலமாகவும் கிளைகாலிக் அமிலமாகவும் பிரிந்து, வழக்கமான வளர்சிதை வழியில் கலந்துவிடும்.

“கரைஞ்ச கால்சியம் எல்லாம் கிட்னியில கல்லாயிடாதுங்களா?” என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு கடைவாய்க் குழிக்கு வைப்பது அரை கிராம் வாக்கில். ஹைட்ராக்சி அபடைட் என்றால் அதில் 40 சதம்தான் கால்சியம், அதாவது 0.2 கிராம். ஒரு டம்ளர் பாலில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவும் ஒரே நாளில் ரத்தத்தில் இறங்குவதில்லை, மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போகிறது. கல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பொருள் வாரியாகக் காலக்கெடு

கால்சியம் சல்பேட்: இருப்பதிலேயே பழையது. 1892-ல் டிரீஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் எலும்புக் குழிகளை அடைக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பயன்படுத்தினார், அதே பொருளின் மருத்துவத் தரம்தான் இது. வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி வாரத்துக்குச் சுமார் 1 மி.மீ. என்ற வேகத்தில் கரையும். 4 முதல் 8 வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான்கு பக்கச் சுவரும் நன்றாக நிற்கிற சின்னக் குழிக்குச் சரி. கன்னத்துப் பக்கச் சுவர் உடைந்த குழியில் இதை மட்டும் வைத்தால், எலும்பு வந்து சேர்வதற்குள் தாங்கல் போய்விடும். ஈறு உள்ளே சரியும். மற்றப் பவுடருடன் கலந்து, கட்டியாகப் பிடித்து வைக்கும் பசையாகப் பயன்படுத்துவது நல்ல உபயோகம்.

கொலாஜன் பிளக், படலம்: பஞ்சு மாதிரி இருக்கும் பிளக் 2 முதல் 6 வாரத்தில் போய்விடும். ரத்தக் கட்டியைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, பல் இருந்த இடத்து எலும்பு மேட்டின் அகலத்தைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாதாரணக் கொலாஜன் படலம் ஈறு உள்ளே வளராமல் 4 முதல் 8 வாரம் தடுப்பாக நிற்கும். குறுக்கே பிணைத்துக் கெட்டிப்படுத்திய வகை 4 முதல் 6 மாதம். படலம் வாயில் வெளியே தெரிந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. எச்சிலும் கிருமிகளின் நொதியும் சேர்ந்து சில நாட்களிலேயே அரித்துவிடும்.

பீட்டா-டிசிபி: செயற்கை. 6 முதல் 18 மாதம். பாதி தானே கரைந்தும் பாதி செல்களால் தின்னப்பட்டும் போகும். முழுக்கக் கரைந்து அந்த இடத்தில் உங்கள் எலும்பு வரும் என்பதால் பலருக்கும் பிடித்த பொருள். ஆனால் கரைந்த அளவுக்கு அப்படியே எலும்பு வந்துவிடும் என்று நம்பக் கூடாது, கொஞ்சம் குறைவாகத்தான் வரும். முன்பல் பகுதியில் அகலம் அரை மி.மீ. குறைந்தாலே கண்ணுக்குத் தெரியும், அங்கே இதைத் தனியாக வைக்கத் தயங்க வேண்டும்.

ஹைட்ராக்சி அபடைட்: கெட்டியாகச் சுட்டெடுத்த வகை வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். இதையும் பீட்டா-டிசிபியையும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் சேர்த்தவை ‘பைஃபேசிக்’ என்ற பெயரில் வருகின்றன. டிசிபி முதலில் கரைந்து துளைகளைத் திறந்துவிடும், அந்த வழியாக எலும்பு நுழையும். அபடைட் நின்று அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். செயற்கைப் பொருள்தான் வேண்டும், அகலமும் குறையக் கூடாது என்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

மாட்டு எலும்பு: கொழுப்பும் புரதமும் முழுக்க நீக்கி, தாது எலும்புக்கூட்டை மட்டும் விட்டுவைத்தது. சுவிட்சர்லாந்தின் பயோ-ஆஸ் இதில் அதிகம் அறியப்பட்டது. இது கரைகிறதா இல்லையா என்பதே வாதத்துக்குரிய அளவுக்கு மெதுவானது. சைனஸில் வைத்து 11 வருஷம் கழித்து எடுத்த திசுவிலும் துகள்கள் அளவு குறையாமல், சுற்றிலும் எலும்பு மூடி இருந்தது பதிவாகியிருக்கிறது. இதை வைத்தவர்கள் “இன்னும் கரையலைங்களே” என்று கவலைப்பட வேண்டாம். கரையாமல் நிற்பதற்காகத்தான் அதை வைக்கிறார்கள்.

மனித எலும்பு: திசு வங்கியில் உறைய வைத்து உலர்த்தி, கதிர்வீச்சால் சுத்திகரித்தது. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் 1988-லிருந்து இப்படி ஒரு திசு வங்கி இருக்கிறது. தாது நீக்காத வகை 6 முதல் 15 மாதம் வரை எடுத்துக்கொள்ளும். அமிலத்தில் ஊற வைத்துத் தாது நீக்கிய வகை அதைவிட வேகமாகப் போகும். ஆனால் அதற்கு ஒரு தனிக் குணம் உண்டு: உள்ளே இருக்கும் பிஎம்பி என்ற புரதங்கள் வெளிப்பட்டு, சும்மா இருக்கும் செல்லையும் எலும்பு கட்டும் செல்லாக மாற்றும். மார்ஷல் யூரிஸ்ட் 1965-ல் காட்டியது இதைத்தான்.

பயோ கண்ணாடி: லாரி ஹெஞ்ச் 1969-ல் கண்டது. 45 சதம் சிலிக்கா, 24.5 சோடியம் ஆக்சைடு, 24.5 கால்சியம் ஆக்சைடு, 6 பாஸ்பரஸ் ஆக்சைடு. திசு நீர் பட்டதும் சோடியம் வெளியேறி, மேற்பரப்பில் சிலிக்கா கூழ் உண்டாகி, அதன் மேல் எலும்பின் தாதுவைப் போன்ற அபடைட் படியும். அதைத் தன் எலும்பு என்று நினைத்து உடம்பு ஒட்டிக்கொள்ளும். கரைந்த சிலிக்கா சிறுநீரில் போய்விடும். களிம்பு மாதிரி சிரிஞ்சில் வருவதால் வைப்பது சுலபம். தொடக்க நாட்களில் வழிந்து வெளியே வருவதும் சுலபம்.

சொந்த எலும்பு, பிஆர்எஃப்: உங்கள் தாடையிலிருந்தே சுரண்டி எடுத்தது சில மாதத்தில் புது எலும்பாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும், அளவும் குறையும். உங்கள் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பிஆர்எஃப் பவுடரே அல்ல. இரண்டு வாரத்துக்குள் போய்விடும். காயம் ஆற உதவும், அகலத்தைத் தாங்காது.

குழியை நிரப்பும் முறையே கரையும் வேகத்தைத் தீர்மானிக்கும்

ஒரே பாட்டில் பவுடரை இரண்டு பேர் வைத்தால் இரண்டு விதமாக ஆறுவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

பல்லைச் சுவர் உடையாமல் எடுத்த பிறகு, நுனியில் இருக்கும் சீழ்த் திசுவை முழுக்கச் சுரண்ட வேண்டும். குழிச் சுவர் ரத்தம் கசிகிற நிலையில் இருக்க வேண்டும். வறண்டு வெளுத்திருந்தால் சிறிய ரவுண்ட் பர்ரால் நாலைந்து புள்ளி போட்டு ரத்தம் வரவழைக்க வேண்டும். ரத்த நாளம் வராத இடத்துக்கு ஆஸ்டியோகிளாஸ்டும் வராது, எலும்பு கட்டும் செல்லும் வராது. பவுடர் சும்மா நார்த்திசுவுக்குள் புதைந்து கிடக்கும்.

பவுடரைச் சலைனிலோ குழியிலிருந்தே எடுத்த ரத்தத்திலோ 3 முதல் 5 நிமிடம் ஊற வைத்து, ஈர மணல் பதத்தில் எடுக்க வேண்டும். ஒற்றை வேர்க் குழிக்கு 0.25 முதல் 0.5 சிசி, கடைவாய்க்கு 0.5 முதல் 1 சிசி. அடியிலிருந்து சிறிது சிறிதாக வைத்து லேசாக அமுக்கினால் போதும். இடித்து நிரப்புவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. குருணைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் ரத்த நாளம் நுழையும். குருணைக்குள் இருக்கும் துளைகள் 100 மைக்ரானுக்கு மேல் இருக்க வேண்டும், 300-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது; இடித்தால் அந்தத் துளைகளும் நொறுங்கி மாவாகும், மாவை மேக்ரோஃபேஜ் தூக்கிக்கொண்டு போகும். சக்ஷன் முனையைக் குழிக்கு நேராகக் காட்டுவது இன்னொரு தவறு. ஈர காஸ் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும்.

எலும்பின் மேல்விளிம்பு மட்டத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் குவித்தது எதுவும் எலும்பாகாது, தையல் விட்டதும் உதிரும். படலம் வைத்தால் குழி விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மி.மீ. எல்லாப் பக்கமும் நிற்க வேண்டும். மேலே குறுக்குத் தையல். கரையாத பிடிஎஃப்இ படலம் என்றால் 4 வாரத்தில் ஞாபகமாக எடுத்துவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: உங்கள் வேலை

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்க வேண்டாம், துப்ப வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம். பொள்ளாச்சி இளநீராகவே இருந்தாலும் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். உறிஞ்சும் இழுப்பில் ரத்தக் கட்டி கழன்றால் பவுடரும் கூடவே வரும். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து வெளியே விடுங்கள். குளோர்ஹெக்சிடின் 0.2 சதக் கரைசல் கொடுத்திருந்தால் 10 மில்லி, காலையும் இரவும். பேஸ்ட் போட்டுத் துலக்கியதற்கும் இதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள், பேஸ்டில் இருக்கும் நுரைப்பொருள் இதன் வீரியத்தைக் குறைக்கும்.

சாப்பாட்டில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி, ராகிக்களியை மெல்ல வேண்டியதில்லை. சூடு ஆறிய களி, தயிர், குழைய வேக வைத்த அரிசிம்பருப்பு, ஊறிய சந்தகை எல்லாம் முதல் வாரத்துக்கு ஆகும். கம்மங்கூழைத் தவிர்ப்பது நல்லது, உமித் துணுக்கு தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நிலக்கடலை, முறுக்கு, எள்ளுருண்டை, பள்ளிபாளையம் சிக்கனில் வரும் தேங்காய்ச் சில்லு எல்லாம் தையல் பிரிக்கும் வரைக்கும் வேண்டாம். குலதெய்வக் கோவிலில் கிடாவெட்டு வைத்திருந்தால் அது முடிந்த பிறகு பல் எடுக்கத் தேதி வாங்குங்கள். எலும்பைக் கடிக்காமல் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் கதை எல்லா மருத்துவருக்கும் தெரியும்.

“மணலாட்டம் வாயில வருதுங்க” என்பது முதல் வாரத்தில் வரும் வழக்கமான போன். ஒரு நாளைக்கு நாலைந்து குருணை, வலி இல்லை, தையல் அப்படியே இருக்கிறது என்றால் மேல்விளிம்பில் ஒட்டியிருந்தது உதிர்கிறது, பயமில்லை. விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. குருணை கரண்டி அளவுக்கு வந்தால், அல்லது வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடினால், துர்நாற்றம், சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். தையல் 7 முதல் 14 நாளில் பிரிப்பார்கள்.

வெத்தலை பாக்கு போடுகிறவர்களுக்கு: சுண்ணாம்பு காரம், ஆறாத ஈறைப் புண்ணாக்கும். பாக்குத்தூள் குழிக்குள் போகும். புகையிலையும் பீடியும் சிகரெட்டும் ரத்தக் குழாயைச் சுருக்கும், ரத்தம் வராத குழியில் பொருள் சரியாகக் கரையவும் செய்யாது, எலும்பும் வராது. முன்னால் 2 வாரம், பிறகு 8 வாரம் நிறுத்த முடியாது என்றால், பவுடருக்குச் செலவு செய்வதைப் பற்றியே மருத்துவரிடம் மறுபடி பேசுங்கள்.

மாதங்கள் போகப் போக

முதல் நாள் ரத்தக் கட்டி. ஒரு வாரத்தில் சிவந்த மென்திசு அதன் இடத்தைப் பிடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் குழியின் அடியிலும் ஓரத்திலும் தாது ஏறாத எலும்பு துளிர்க்கும். நடுவில் கடைசியாகத்தான் வரும். 8 வாரம் வாக்கில் குழி முழுக்க இளம் எலும்பு. அது முறுக்கிக் கிடக்கும் பின்னல் எலும்பு, பலம் போதாது. அது அடுக்கு எலும்பாக மாற 4 முதல் 6 மாதமும் அதற்கு மேலும் ஆகும்.

பவுடர் வைத்தால் இது வேகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆவதில்லை. மெதுவாகக் கரையும் பொருள் வைத்தால் சற்றுத் தாமதமே ஆகும், ஏனென்றால் செல்கள் ஒவ்வொரு குருணையையும் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. லாபம் அகலத்தில்தான். எதுவும் வைக்காமல் விட்டால் ஒரு வருஷத்தில் மேட்டின் அகலம் ஏறக்குறையப் பாதி குறையும், அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே போய்விடும். பவுடர் அந்த இழப்பைக் குறைக்கிறது, முழுக்க நிறுத்துவதில்லை.

எக்ஸ்ரேயைப் படிப்பது

கால்சியம் சல்பேட் வைத்தவர்களுக்கு ஒரு மாதத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் குழி கறுப்பாகத் தெரியும். முதல் நாள் வெள்ளையாக இருந்தது இப்போது காலியாகிவிட்டதே என்று பதற வேண்டாம். பொருள் கரைந்துவிட்டது, வந்திருக்கும் எலும்பில் இன்னும் தாது ஏறவில்லை. 3 மாதத்தில் மறுபடி வெளுக்கும், இந்த முறை வலைப்பின்னல் மாதிரிக் கோடுகளோடு. பீட்டா-டிசிபி ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே போகும், குருணையின் விளிம்பு தெளிவு இழக்கும். மாட்டு எலும்பும் அபடைட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும்.

இதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. சிபிசிடி ஸ்கேனில் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டுவது) வெள்ளை அதிகமாக இருந்தால் எலும்பு நல்ல கெட்டி என்று சொல்லிவிடுவார்கள். மாட்டு எலும்பு வைத்த இடத்தில் அந்த வெள்ளை பவுடரின் வெள்ளைதான். குருணையைச் சுற்றி எலும்பு இருக்கிறதா, நார்த்திசு இருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லாது. பார்க்க வேண்டியது வேறு: பழைய குழிச் சுவருக்கும் பவுடருக்கும் நடுவில் கறுப்புக் கோடு ஓடுகிறதா? ஓடினால் ஒட்டவில்லை என்று சந்தேகப்படலாம். கோடு மறைந்து இரண்டும் கலந்திருந்தால் நல்ல அறிகுறி. ஒப்பிட்டுப் பார்க்க முதல் நாள் படமும் அதே கோணத்தில் எடுத்த பின்னாள் படமும் வேண்டும். பழைய படத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

எங்கே கெட்டுப் போகிறது

சர்க்கரை: ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7-க்குள் இருந்தால் நிம்மதி. 8-ஐத் தாண்டினால் அவசரமில்லாத இந்த வேலையைத் தள்ளிப் போடுவதே சரி. எலும்பு கட்டும் செல்கள் மந்தமாகும், கிருமி சேரும், அமிலம் கூடும், பவுடர் எலும்பு இல்லாமலே கரையும்.

எலும்புத் தேய்மான மருந்து: வாரம் ஒரு முறை அலென்ட்ரனேட் 70 மி.கி. மாத்திரை, வருஷம் ஒரு முறை ஸோலெட்ரானிக் அமிலம் 5 மி.கி. ட்ரிப், ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் 60 மி.கி. ஊசி. இவை எல்லாம் ஆஸ்டியோகிளாஸ்டை அடக்குகின்றன. பவுடர் கரையாமல் கிடக்கும், தாடை எலும்பே செத்து வெளியே தெரியும் ஆபத்தும் உண்டு. புற்றுநோய்க்காக மாதாமாதம் அதிக அளவில் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தச் சிகிச்சையே வேண்டாம். மாதவிலக்கு நின்ற பெண்கள் ‘முட்டி வலி ஊசி’, ‘கால்சியம் ட்ரிப்’ என்று நினைத்துக்கொண்டிருப்பது இதுவாக இருக்கலாம். எலும்பு டாக்டரின் சீட்டைக் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். நீங்களாக ஊசியை நிறுத்தவும் கூடாது. டெனோசுமாப்பைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து இருக்கிறது.

கழற்றி மாட்டும் பல்: இடைக்காலத்துக்குக் கொடுத்த பல்செட்டின் அடிப்பகுதி குழி மேல் அழுத்தினால், அந்த அழுத்தமே எலும்பைக் கரைக்கும். அடியில் 1 முதல் 2 மி.மீ. தேய்த்து இடைவெளி விடச் சொல்லுங்கள். சாப்பிடும்போது கழற்றி வைத்தால் இன்னும் நல்லது.

நார்த்திசு சூழ்ந்த பவுடர்: வலிக்காது, வீங்காது, எக்ஸ்ரேயிலும் நன்றாகத்தான் தெரியும். இம்ப்ளான்ட் போடத் திறக்கும்போதுதான் வெளிப்படும். குயூரெட் என்ற சுரண்டும் கருவியால் தொட்டாலே குருணைகள் ரப்பர் மாதிரித் திசுவோடு கழன்று வரும். சுரண்டாமல் விட்ட பழைய சீழ்த் திசு, படலம் வைக்காதது, மேலே சொன்ன இடித்து நிரப்பும் பழக்கம், இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். அப்போது மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புதிதாக நிரப்பி மூடுவதுதான் வழி. மேலே இருப்பதை மட்டும் சுரண்டிவிட்டு அப்படியே இம்ப்ளான்ட் இறக்குவது காசைக் கொட்டுவது.

எப்போது இம்ப்ளான்ட்

கால்சியம் சல்பேட் என்றால் 3 முதல் 4 மாதம். பீட்டா-டிசிபி, பைஃபேசிக், மனித எலும்பு என்றால் 4 முதல் 6. மாட்டு எலும்பு என்றால் 6, சைனஸில் வைத்திருந்தால் 6 முதல் 9. வேகமாகக் கரையும் பொருளை வைத்துவிட்டு, கல்யாணம், அறுவடை, பனியன் ஆர்டர் என்று ஒரு வருஷம் தள்ளினால் காப்பாற்றிய அகலம் மறுபடி குறைய ஆரம்பித்துவிடும். வெளிநாடு போகிறவர்கள், ஒரு வருஷம் கழித்துத்தான் வர முடியும் என்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மெதுவாகக் கரையும் பொருளைத் தேர்ந்தெடுக்கலாம்.

துளையிடும்போது கை சொல்வதையும் கேட்க வேண்டும். மாட்டு எலும்பு வைத்த இடத்தில் டிரில் நறநறவென்று போகும், அது இயல்பு. வெளியே வரும் துருவல் ரத்தத்தில் நனைந்து சிவப்பாக இருந்தால் உயிருள்ள எலும்பு. வெள்ளையாக உலர்ந்து உதிர்ந்தால் பவுடர் மட்டும்தான். சந்தேகம் என்றால் 2 முதல் 3 மி.மீ. ட்ரிஃபைன் டிரில்லால் (குழாய் மாதிரி இருக்கும் டிரில்) ஒரு துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம், எப்படியும் அந்த இடத்தில் துளை போடத்தானே போகிறோம். மாட்டு எலும்பு வைத்து 6 மாதம் ஆன துண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புது எலும்பு, கால் பங்கு பவுடர் மிச்சம், மற்றது மஜ்ஜைத் திசு என்று வந்தால் அது தோல்வி அல்ல, வழக்கமான நல்ல முடிவு.

இம்ப்ளான்ட் இறுகும் விசை 35 நியூட்டன் சென்டிமீட்டரை எட்டினால், ஐஎஸ்க்யூ (இம்ப்ளான்ட் எவ்வளவு ஆடாமல் நிற்கிறது என்று காட்டும் எண்) அளவு 60-க்கு மேல் நின்றால் வழக்கமான காலத்தில் பல் கட்டலாம். குறைந்தால் மூடித் தைத்துவிட்டு இன்னும் 2 மாதம் கூடுதலாக விட்டு, மறுபடி ஐஎஸ்க்யூ பார்த்த பிறகு கட்டுங்கள். அந்த 2 மாதமும் அந்தப் பக்கம் கடலை கடிக்கக் கூடாது.